ஐந்தாவது ஏன்

டில்லிபாபு கையில் ஒரு மார்க்கரைக் கொடுத்துவிட்டால் போதும், மனிதர் வேறு ஆளாகிவிடுவார். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் லைன் லீடர். ஷிஃப்ட் தொடங்குமுன் பலகைக்கு எதிரே நின்று, நேற்று எந்தப் பாகம் ஏன் ரிஜெக்ட் ஆனது என்று பையன்களைக் குடைந்தெடுப்பது அவருக்குத் தினசரி வேலை. அதே தோரணையோடு சனிக்கிழமை காலை ஊர் அரசுப் பள்ளியின் பத்தாம் வகுப்பறையில் பெற்றோருக்கு முன்னால் நின்றார். முதல் பெஞ்சில் அவர் மகள் யுவஸ்ரீ கன்னத்தில் கைவைத்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமை தாங்கவில்லை அந்தப் பெண்ணுக்கு.

ஒரு கம்பெனி அந்தப் பள்ளிக்கு உதவி செய்ய முன்வந்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. இனி வரும் காலத்தில் இங்கே பிள்ளைகள் எப்படிப் படிக்க வேண்டும் என்பதை ஆசிரியர், பெற்றோர், பிள்ளைகள் எல்லாரும் கூடி யோசித்துச் சொல்ல வேண்டும். தலைமையாசிரியை சத்யப்பிரியா இதைச் சொல்லி முடித்ததுதான் தாமதம், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்மார்ட் போர்டு என்றார் ஒருவர். ரோபோ வாங்கி நிறுத்தணும் என்றார் இன்னொருவர். ரோபோவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

சத்யப்பிரியா கையமர்த்தினார். "எந்த போர்டு வேணா மாட்டலாம் சார். ஆனா பத்தாவதுல பாதிப் பேர் முதல் பீரியட்லயே தூங்கறாங்க. தூங்கற பிள்ளைக்கு ரோபோ வந்து தாலாட்டா பாடும்?"

சிரிப்பு அடங்குமுன் டில்லிபாபு எழுந்துவிட்டார். "மேடம், இதுக்கு எங்க கம்பெனில ஒரு வழி கீது. ஒய்-ஒய்னு பேரு. ஒரு கோளாறு வந்துச்சின்னா ஏன், ஏன்னு அஞ்சு தபா கேட்டுகினே போவணும். ஆள் மேல பழிபோட்டுத் தப்பிச்சிக்கக் கூடாது. அஞ்சாவது ஏன்ல நெஜமான காரணம் தானா வந்து நிக்கும்."

சும்மா சொல்லக்கூடாது, எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. அவர் பலகையில் எழுதினார்: பிள்ளைகள் வகுப்பில் தூங்குகிறார்கள். ஏன்?

"ராத்திரி ரொம்ப நேரம் முழிச்சிருக்கோம் சார்." பதில் சொன்னது கடைசி பெஞ்சிலிருந்த வேல்விழி. படிப்பில் யுவஸ்ரீக்குப் போட்டி, பழக்கத்தில் அவளுக்கு உயிர்த் தோழி.

"ஏன் முழிக்கிறே?"

"பத்து மணிக்கு மேலதான் சார் எழுதப் படிக்க ஒக்காருவோம்."

"ஏன் பத்து மணிக்கு மேல?"

கேட்ட பிறகுதான் டில்லிபாபுவுக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் குடியிருப்பது அவர் வீட்டுக்குப் பின்னால், அவர் கட்டிவிட்ட லைன் வீட்டில். பத்து மணிக்கு மேல் ஏன் என்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

விஷயம் இதுதான். யுவஸ்ரீ பத்தாவது பொதுத்தேர்வு எழுதப்போகிறாள் என்று கோடையில் ஏசி வாங்கி மாட்டினார். வீட்டுக்கும் பின்னால் வரிசையாக இருக்கும் வாடகை அறைகளுக்கும் சேர்த்து ஒரே கரண்ட் இணைப்பு. ஏசியும் ஓடி, அத்தனை அறையிலும் லைட்டும் ஃபேனும் ஓடினால் ஃபியூஸ் போய்விடும். கரண்ட் ஆபீஸில் எழுதிக் கொடுத்து லோடைக் கூட்டிக் கேட்டிருக்கலாம். அதற்கு அலைச்சல், செலவு, வாடகை அறைகளைப் பற்றி ஆயிரம் கேள்வி. அதனால் சுலபமாக ஒரு வேலை செய்தார். தினமும் ஏழு மணிக்கு மகள் படிக்க உட்காரும்போது, ஹாலில் இருக்கும் ஸ்விட்சை இறக்கிப் பின்பக்க லைனை அணைத்துவிடுவார். பத்து மணிக்கு அவள் படுத்ததும் ஏற்றிவிடுவார். குடியிருப்பவர்கள் கேட்டபோது, "கம்பத்துலேந்து வர்ற பேஸ்ல கோளாறு, கரண்ட் ஆபீஸ்ல சொல்லிகினுதான் கீறேன்" என்றார். மகளிடமும் அதையே சொன்னார். பெரும்பாலானவர்கள் அந்நேரம் ஷிஃப்டில்தானே இருக்கிறார்கள் என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். பிள்ளைகள் எந்த ஷிஃப்டில் இருக்கிறார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

வேல்விழி டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா மாரிசெல்வி எழுந்தாள். நைட் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நேரே வந்திருந்தாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள்.

"நான் சொல்லுதேன் சார். எங்க லைன் வீட்டுல ஏழு மணிக்குக் கரண்டு போயிரும், பத்து மணிக்குத்தான் வரும். ஏன் போவுதுன்னு கேட்டா, என்னமோ பேஸ் கோளாறாம். ஓனரண்ணாச்சியும் எத்தனையோ மட்டம் ஆபீஸுக்கு நடந்து பாத்துட்டாவ. பாவம், அவுகளும் என்னதான் செய்வாவ?"

பாவமாம்! டில்லிபாபுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார்.

"எங்க ரூம்ல கரண்ட் இருந்தாலும் லைட்டு போட முடியாது மேடம்" என்றார் வேறொரு லைன் வீட்டில் குடியிருக்கும் அந்தோணிராஜ். "நைட் ஷிஃப்ட் ஆளு தூங்கணும்லா. பிள்ளையள்லாம் வெளிய ரோட்டு லைட்டுலதான் நிக்கும்."

"அது சரி டில்லி" என்றார் வயரிங் வேலை செய்யும் கோதண்டம், தலையைச் சொறிந்துகொண்டே. "ஒங்க தெருவுக்கும் எங்க தெருவுக்கும் ஒரே ட்ரான்ஸ்பார்மர்தானே? எங்க வூட்ல கரண்ட் நிக்கவே இல்லியே. ஒங்க பின்பக்கம் மட்டும் ஏன் போவுது?"

வகுப்பறை முழுவதும் அவரைப் பார்த்தது. யுவஸ்ரீயும் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு உண்மையான வார்த்தை சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் அதைச் சொன்ன பிறகு மகளின் கண் தன்னை எப்படிப் பார்க்கும்?

"பின்பக்கம் வேற பேஸ்பா. கரண்ட் ஆபீஸ்ல கண்டுக்கறதே இல்ல" என்று முணுமுணுத்துவிட்டு, பலகைப் பக்கம் திரும்பி ஐந்தாவது ஏனுக்கு நேராக எழுதினார்: கரண்ட் ஆபீஸின் அலட்சியம்.

அடப் பாவி மனிதா, ஆள் மேல் பழி போடக்கூடாது என்று சொல்லி அரைமணி நேரம்கூட ஆகவில்லையே!

ஆனால் கூட்டத்துக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. ரோபோவை எல்லாரும் மறந்துபோனார்கள். கம்பெனிக்கு ஷிஃப்ட் இருக்கிற மாதிரி பள்ளிக்கூடத்துக்கும் சாயங்கால ஷிஃப்ட் இருந்தால் என்ன என்று வேல்விழிதான் கேட்டாள். அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. ராத்திரி ஒன்பதரை வரை இரண்டு வகுப்பறைகள் திறந்திருக்கட்டும், கம்பெனி பணத்தில் சோலார் விளக்கு போடலாம் என்றார் சத்யப்பிரியா. வயரிங்குக்குக் கூலி வேண்டாம் என்றார் கோதண்டம். சின்னப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லித் தருகிறோம் என்றார்கள் பத்தாவது பிள்ளைகள். எந்த வாரம் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று பார்த்து, பெற்றோர் முறைவைத்துக் காவலுக்கு இருப்பது என்று முடிவாயிற்று. மாரிசெல்வி நைட் ஷிஃப்ட் பஸ் வரும்வரை நான் இருக்கேன் என்று முதல் ஆளாகச் சொன்னாள்.

"இதெல்லாம் வர்றதுக்கு மாசமாவும்" என்றார் கோதண்டம். "அதுவரிக்கும் லைன் வூட்டுப் புள்ளைங்க இருட்டுலயா கெடக்கும்? திங்கக்கெழமை பள்ளிக்கூடத்துலேந்து எல்லாரும் ஒண்ணா கெளம்பி கரண்ட் ஆபீஸுக்குப் போயி கேட்டுடுவோம். டில்லி, நீதான் முன்னால நிக்கணும்."

எல்லாரும் கைதட்டினார்கள். யுவஸ்ரீதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள். தன் காதையே பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது டில்லிபாபுவுக்கு.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஆபீஸில் போய்க் கேட்டால் இரண்டே நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இன்றிலிருந்து ஸ்விட்சைத் தொடவே கூடாது. கோளாறு தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டால் போகவேண்டிய அவசியமே இல்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஏழு மணிக்கு யுவஸ்ரீ புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "அப்பா, ஏசி போட்டுக்கட்டா?"

"வேணாம்மா. அதுல இன்னாவோ ரிப்பேர். ஃபேன் போட்டுக்கோ."

இன்னொரு பொய். இப்போதெல்லாம் யோசிக்காமலே வருகிறது. சட்டையை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். எல்லா அறையிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாரிசெல்வியின் அறைக்குள் வேல்விழி பாயில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தாள். படிக்கவில்லை. எந்த நேரமும் அணைந்துவிடும் என்பது போல விளக்கையே நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்குப் போக டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டிருந்த மாரிசெல்வி வாசலுக்கு வந்தாள்.

"இன்னிக்கி கரண்ட் நிக்கல பாத்தியா?" என்றார் டில்லிபாபு, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "சரி பண்ணிட்டாங்க போல."

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள். "பாப்பாவுக்கு அடுத்த வாரம் ரிவிஷன் பரீட்சைல்லா அண்ணாச்சி? புழுக்கத்துல எப்படிப் படிக்கும்? ஏசியப் போட்டுக்கிடுங்க. நாங்க பழகிட்டோம்."

டில்லிபாபுவுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஒனக்கு... தெரியுமா?"

"ஒங்க ஏசியோட வெளிப்பெட்டி எங்க வாசலுக்கு மேலதான இருக்கு. அது ஓட ஆரம்பிச்சா எங்க லைட்டு போயிரும், அது நின்னா வந்துரும். இத ஒருத்தர் வந்து சொல்லவா செய்யணும்? பிள்ளையளுக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் மீட்டிங்ல அப்டிச் சொன்னே? என்னைப் பாவம்னு வேற..."

"வேற என்ன சொல்லச் சொல்லுதிய?" மாரிசெல்வியின் குரல் முதன்முறையாகக் கொஞ்சம் உயர்ந்தது. "ஒங்க மவ முன்னால ஒக்காந்து ஒங்க வாயையே பாத்துட்டு இருக்கு. அத்தன பேருக்கு நடுவுல பெத்தவனத் தலகுனிய வச்சிட்டா, அந்தப் பிள்ள நாளப்பின்ன கிளாசுக்கு எப்படி வரும்? அதான் எம்மவகிட்டயும் இதப் பத்தி எங்கயும் வாயத் தொறக்கப்படாதுன்னு மொதல்லயே சொல்லி வச்சிருந்தேன்."

தன் மகளை அவ்வளவு தூரம் நினைத்தவளின் மகளைத்தான் டில்லிபாபு இத்தனை நாள் இருட்டில் உட்காரவைத்திருக்கிறார். பதில் சொல்ல வாயெடுத்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கணக்கு நோட்டு கேட்க வந்த யுவஸ்ரீ நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, இன்னாப்பா சொல்றாங்க ஆன்ட்டி?"

பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாரிசெல்விகூட, சொல்லாதீர்கள் என்பதுபோல் தலையை அசைத்தாள். அதைப் பார்த்ததும்தான் அவருக்குத் தாளவில்லை.

"கோளாறுலாம் ஒண்ணும் இல்லமா" என்றார். "நான்தான் ஆஃப் பண்ணிகினு இருந்தேன். ஒனக்கு ஏசி ஓடணும்னு."

யுவஸ்ரீ அவரைப் பார்க்கவில்லை. உள்ளே பார்த்தாள். "ஒனக்குத் தெரியுமாடி?"

வேல்விழி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"தெரிஞ்சேவா தெனமும் எங்கூட சாப்ட்டுகினு, பேசிகினு இருந்தே?"

வேல்விழி விரித்திருந்த புத்தகத்தை மூடினாள். யுவஸ்ரீக்கு உதடு துடித்தது. துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"திங்கக்கெழமை கெளம்பறதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துலயே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்மா" என்றார் டில்லிபாபு.

"சொல்லுப்பா. சொல்லித்தான் ஆவணும்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "ஆனா நான் ஸ்கூலுக்கு வரமாட்டேன்."

மாரிசெல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த வார்த்தையை அந்தப் பெண் வாயிலிருந்து கேட்கக்கூடாது என்றுதான் அவள் அத்தனை பேர் முன்னால் பொய் சொல்லியிருந்தாள்.