அண்ணனாக நடித்தவர்

இறந்து கிடந்த நாகலெட்சுமியின் மேல் கோடிச் சேலையை விரித்தபோது கூடத்தில் இருந்தவர்கள்: கோடி எடுத்த அண்ணன் பொன்னுச்சாமி, அவர் சம்சாரம் ராக்கு, பங்காளி முனீஸ்வரன், பாம்பன் சீனி முகம்மது, மண்டபம் அகதி முகாமிலிருந்து வந்த நிஷாந்தி. கடைசி இருவரும் இறங்கிய வேன் இன்னும் வாசலில்தான் நின்றது. அதன் கண்ணாடியில் நாகலெட்சுமி எடுத்த படத்தின் சுவரொட்டி ஒட்டியிருந்தது. பொன்னுச்சாமி அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எட்டு வருடமாக ஊருக்கு அவர் சொல்லிவந்தது ஒன்றுதான்: "தங்கச்சி பத்திரிகையில இருக்கா." தடைசெய்யப்பட்ட கடலட்டையைக் கடத்தியவர்களைத் துப்புத் துலக்கி அவள் எழுதியதில் அவருக்கு அத்தனை பெருமை. அவள் படமெடுக்கக் கேமராவைத் தூக்கியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பெண் சினிமாவில் என்று நாலு பேர் பேசக் கூடாது. படத்தை அவர் பார்க்கவும் இல்லை. அதில் ஓர் அண்ணன் வருகிறானாம். தன்னை என்ன செய்து வைத்திருக்கிறாளோ என்று யாரிடம் கேட்பது?

"நீங்க பத்திரிகை ஆபீஸா?" என்றார் முனீஸ்வரன்.

"ஆபீஸா! நாகலெட்சுமி அக்கா படத்துல நடிச்சவங்க. இந்தப் பிள்ளதான் படத்துல அக்காவா வந்துச்சு. நான் அண்ணனா வந்தேன்," என்றார் சீனி முகம்மது. சொன்னவர் பொன்னுச்சாமியின் மீசையைப் பார்த்தார், வளையாத முதுகைப் பார்த்தார். முகம் விரிந்தது. "அண்ணே, நீங்கதானா? பத்து நாளு முதுகுல பலகையக் கட்டி நடக்க விட்டாக உங்க தங்கச்சி! 'எங்கண்ணன் வளைய மாட்டாரு'ன்னு."

"தூங்கும்போதும் அப்படித்தான்," என்றாள் ராக்கு. கண்ணீரோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு.

பொன்னுச்சாமி சிரிக்கவில்லை. "அந்த அண்ணன் என்ன செய்றான்?"

"அட்டை கடத்துற ஆக்கள் தங்கச்சியை அடிக்க வீட்டுக்கு வருவினம் ஐயா," என்றாள் நிஷாந்தி. "அண்ணன் வாசலை மறிச்சுக்கொண்டு நிப்பார். அந்த இடத்தில தியேட்டரே கை தட்டினது."

சீனி முகம்மதுவுக்குப் பொறுக்கவில்லை. வாசலுக்குப் போய்க் கைகட்டி நின்றார். "எந்தங்கச்சி எழுதுனது பொய்யின்னா கோர்ட்டுக்குப் போ. இங்கன வந்து கத்தாத!"

எல்லாரும் பொன்னுச்சாமியைப் பார்த்தார்கள்.

"தப்பு," என்றார் அவர்.

"அண்ணே?"

"அன்னைக்கு நான் 'கத்தாத'ன்னு சொல்லல. 'குரைக்காத'ன்னேன். கையும் கட்டல. தள்ளு."

வாசல் நிலையின் இரு பக்கமும் கையை ஊன்றி நின்று, அன்று சொன்னதைச் சொன்னார். தெருமுனைவரை கேட்டது. அவர்களோடு வந்து வேனுக்குள்ளேயே இருந்த பாம்பன் சனம் விசில் அடித்தது. எழவுக்கு வந்த கொட்டுக்காரர்கள் உற்சாகமாகி ஒரு அடி கூடவே அடித்தார்கள்.

"ஏண்ணே, தங்கச்சி சினிமாவுல இருந்தத சொல்லவே இல்ல?" என்றார் முனீஸ்வரன்.

"இப்பச் சொல்றேன். எந்தங்கச்சி படம் எடுத்தா."

"அக்காவா இருந்தா இன்னொரு டேக்கு கேப்பாக," என்றார் சீனி முகம்மது.

பொன்னுச்சாமி தங்கையின் முகத்தை ஒரு முறை பார்த்தார். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு திரும்பவும் வாசலுக்குப் போனார்.

தங்கச்சியைக் கிடத்தி வைத்துக்கொண்டு பொன்னுச்சாமி நடித்துக் காட்டினார் என்று முதுகுளத்தூர் பக்கம் இன்றும் ஒரு பேச்சு உண்டு. அவர் நடிக்கவில்லை. அன்றைக்கு நின்ற மாதிரியே நின்றார்.