கோட்டையை விட்டு இறங்கியவன்

'வேலங்கோட்டை' டிவித் தொடரில் தளபதி நாகத்தேவன் பின்வாசலைத் திறந்த நாளிலிருந்து தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன.

நடந்தது இதுதான். அரசன் வடக்கே போருக்குப் போயிருக்கிறான். எதிரி கோட்டையைச் சூழ்ந்து நாற்பது நாளாகிறது. உள்ளே கிணறு வற்றிவிட்டது. ஒரு பனி விழும் விடியற்காலையில் தளபதி எண்ணூறு பேரைப் பின்வாசல் வழியாக இறக்கிக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கோட்டையும் கொடியும் குலதெய்வத்தின் சிலையும் எதிரிக்குப் போயின.

மறுநாள் மலையில் கொழுந்து பறித்த பெண்களுக்கு வேறு பேச்சே இல்லை.

"அவனெல்லாம் ஒரு ஆம்பளயா? ராசா வந்து கேட்டா என்னத்தச் சொல்லுவான்?"

"எண்ணூறு பேரு உசுரோட இருக்காங்கனு சொல்லுவான். வேற என்னத்தச் சொல்லணும்?"

"சாமிய விட்டுட்டுல்ல வந்தான்!"

"சாமி தன்னைத்தானே பாத்துக்கும்டி. ஒன் கைப்புள்ள பாத்துக்குமா?"

"தளபதி வந்து ஒங்க கூடைய நெரப்பப் போறதில்ல, கைய ஓட்டுங்க" என்று கங்காணி சத்தம் போட்ட பிறகுதான் வாய்கள் ஓய்ந்தன. அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

ஆண்களில் இந்தச் சண்டையை மனதுக்குள் எடுத்துக்கொண்டவர்கள் இருவர். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி அறையில், தொங்கல் காம்பராவில் இருந்த அழகுமுத்து, அடுத்த காம்பராவில் இருந்த மாயாண்டி. அழகுமுத்து முப்பது வருடமாகத் தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். மழைத் தண்ணீர் தேயிலை மலையை அரித்துவிடாமல் அதற்கு வழி வெட்டி இறக்குகிற வேலை. மாயாண்டி தொழிற்சாலையில் இலை உலர்த்துகிறவர். இருவரும் மச்சான் முறை வைத்துப் பேசிக்கொள்கிறவர்கள். மாயாண்டி வீட்டு டிவியில்தான் இரண்டு குடும்பமும் தொடர் பார்த்தது.

அழகுமுத்துவுக்கு நாகத்தேவன் துரோகி. மாயாண்டிக்கு அவன் தெய்வம். முதலில் சிரித்துக்கொண்டுதான் சண்டை போட்டார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஜனை முடிந்து கோவில் வாசலில் பத்துப் பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அழகுமுத்து அளவு மீறிவிட்டார்.

"இருந்த எடத்த விட்டு ஓடுனவன் புள்ளைக்கு ஓடுறவன்தான் சாமியா தெரிவான்."

மாயாண்டியின் முகம் கறுத்துவிட்டது. எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் வேறொரு தோட்டத்தில் லயங்கள் எரிந்த நாளில், எட்டு வயதுப் பிள்ளையான அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர் அவருடைய அப்பா. அது எல்லோருக்கும் தெரியும். மாயாண்டி கையிலிருந்த தேநீரைக் கீழே ஊற்றினார். கோப்பையைக் கழுவி வைத்தார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு மூன்று வாரமாகப் பேச்சில்லை. அழகுமுத்து தன் மனைவி லோஜினியின் கைத்தொலைபேசியில் தொடர் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் டிவி. இந்தப் பக்கம் போன். "வெக்கங்கெட்டவன்!" என்று இங்கே கத்தினால், "அறிவுள்ளவன்!" என்று அங்கே கேட்கும். இரண்டு பேரும் திரையைப் பார்த்துத்தான் கத்தினார்கள்.

லோஜினிக்குத் தன் புருஷனின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அவருடைய அக்கா வாழ்ந்த தோட்டத்தில் ஒருமுறை மண் சரிந்தது. ஆறு மாதத்துக்கு என்று சொல்லிப் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் அறுபது குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஒன்பது வருடம் போயிற்று. சேலைகளைக் கட்டித் தடுப்பு வைத்து அங்கேயே வாழ்ந்தார்கள். அக்கா செத்தபோது பிரேதத்தை வெளியே எடுக்க ஏழு வீட்டுத் தடுப்புச் சேலைகளை அவிழ்க்க வேண்டியிருந்தது. அவிழ்த்தவர்களில் அழகுமுத்துவும் ஒருவர்.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. ஆறாம் நாள் காலையில் லயத்துக்கு மேலே தேயிலைக்குள் ஒரு முழ அகலத்துக்கு வெடிப்பு விட்டிருப்பதை யாரோ பார்த்துவிட்டுச் சொன்னார்கள். கிராம சேவகர் நனைந்துகொண்டே ஏறி வந்து, மதியத்துக்குள் எல்லோரும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்று சொல்லிப்போனார். பத்து மணிக்கு லயம் காலியாகிவிட்டது. அழகுமுத்து மட்டும் இறங்கவில்லை.

"இங்க பாரு லோஜினி, நீ புள்ளையக் கூட்டிட்டுப் போ. நா வரல. இன்னைக்கு எறங்குனா திரும்ப ஏற விடமாட்டாங்க. நம்மகிட்ட என்னா உறுதி இருக்கு, பத்திரம் இருக்கா? ஆள் இருக்கிற வரைக்கும்தான் காம்பரா நம்மளுது."

"மலை வந்துருச்சுன்னா?"

"வராது. இந்த மலைத் தண்ணிக்கு வழி காட்டுறவன் நானு. கான் தொறந்திருந்தா மண்ணு நகராது. நா தொறந்து வச்சிருக்கேன்."

மகள் நிலக்ஷியை மண்டபத்தில் விட்டுவிட்டு லோஜினி மறுபடி ஏறினாள். கெஞ்சினாள். அவர் மண்வெட்டியோடு கானுக்குள் நின்றார். இறங்கி வந்து தோட்டத் தலைவரிடம் சொன்னாள். அவர் அழகுமுத்துவின் பழைய போனுக்கு எடுத்துப் பேசிப் பார்த்தார். "அவன் பிடிவாதம் ஒனக்கே தெரியுமேம்மா" என்றார். பாதையில் நின்ற இளம் பொலிஸ்காரனிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி அழுதாள். அவனும் வருத்தத்தோடுதான் கேட்டான். கீழே பாதை உடைந்திருக்கிறது, ஜீப் அந்தப் பக்கம் நிற்கிறது, பலவந்தமாகத் தூக்கிவர இங்கே ஆளில்லை என்று சொன்னான். "அக்கா, இன்னொரு தரம் பேசிப் பாருங்கள்" என்றான்.

இன்னொரு தரமும் ஏறினாள். இந்தமுறை அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

மண்டபத்துக்குள் வந்தாள். பிள்ளை ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அப்பா எங்கம்மா?" என்றது. மதியச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மூலையில் நாலைந்து இளவட்டங்கள் போனில் நேற்றைய பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கிஷாந்த் என்பவன் தலையைத் தூக்கினான்.

"என்னக்கா, கோட்டைக் காவலரு எறங்கலயா?"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"கொடியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாராம்டா!"

"டேய். வாய மூடு."

சொன்னது மாயாண்டி. சோற்றுத் தட்டு தொடாமல் அவர் மடியில் இருந்தது. லோஜினி அவர் பக்கம் பார்க்கக் கூசினாள். காலையிலிருந்து எல்லோரிடமும் கேட்டவள், இந்த ஒரு ஆளிடம் மட்டும் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது?

"அண்ணே..." என்றாள். "அன்னிக்குக் கோயில்ல அவரு சொன்னதுக்கு நா..."

"அது கெடக்கட்டும் தங்கச்சி." மாயாண்டி தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். "இங்க மம்பட்டி ஏதும் இருக்குமா?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பள்ளிக்கூடத் தோட்டத்து மண்வெட்டி கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைத் தோளில் வைத்து, ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் மழைக்குள் இறங்கினார். பிள்ளையைப் பக்கத்துப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு லோஜினி பின்னால் ஓடினாள்.

ஏறுகிற பாதை முழுவதும் செம்மண் தண்ணீர். அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. மாரியாத்தா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம், அந்த மனுசன் மனசை ஒரு நிமிசம் திருப்பு தாயே, ஒரே ஒரு நிமிசம்.

லயத்துக்கு மேலே கானுக்குள் முழங்கால் சேற்றில் நின்றிருந்த அழகுமுத்து, ஏறி வருவது யார் என்று பார்த்தார். மழை ஓடிய முகத்தில் ஒரு கோணல் சிரிப்பு வந்தது.

"வா தளபதி. பின்வாசலத் தொறக்க வந்தியா?"

மாயாண்டி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கானுக்குள் இறங்கினார்.

"எங்க அடைச்சிருக்கு?"

அழகுமுத்து ஒரு கணம் தடுமாறினார். "கீழ் வளைவுல. கல்லு விழுந்து கெடக்கு."

மாயாண்டி அங்கே போய் வெட்டத் தொடங்கினார். அந்த வேலை தெரியாத கை. மண்வெட்டி கோணலாக விழுந்தது. இருந்தும் வெட்டினார். அழகுமுத்து அவரைப் பார்த்தபடி நின்றார். சண்டை வரும், புத்திமதி வரும் என்று காத்திருந்தவருக்கு இரண்டுமே வரவில்லை.

"என்னா பேசாம இருக்க? பேசேன். எறங்கி வாடான்னு சொல்லேன்."

"பேசுனதெல்லாம் போதும் மச்சான். தனியா வெட்டுற. அதான் வந்தேன்."

அழகுமுத்து குனிந்துகொண்டார். நாலு வெட்டு வெட்டினார். "அன்னிக்கு நா ஒங்கப்பாவ..." என்று ஆரம்பித்தார்.

"வெட்டு, வெட்டு."

லோஜினி கானின் கரையில் நின்று பார்த்தாள். ஒருவரை மீட்கப் போனவரும் குழிக்குள் இறங்கிவிட்டார். இப்போது இரண்டு உயிர். "ரெண்டு பேரும் வாங்களேன், ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்" என்று அவள் சொன்னது மழையில் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

கீழ் வளைவு திறந்தது. அழகுமுத்து கான் வழியே மேல் வளைவுக்கு ஏறினார். மற்ற இருவரும் பின்னால் ஏறினார்கள். அங்கே கான் அடைப்பில்லாமல் இருந்தது. அடிமண்ணில் பழைய இலைகள் ஈரமாக ஒட்டிக் கிடந்தன. தண்ணீர் ஓடவில்லை.

"பாத்தியா?" என்றார் அழகுமுத்து. குரலில் பெருமை இருந்தது. "பொட்டுத் தண்ணி நிக்கல. அம்புட்டும் வடிஞ்சிருச்சு. நாந்தான் சொன்னேன்ல, மலை வராதுன்னு."

மாயாண்டி மண்வெட்டிக் காம்பில் சாய்ந்து மூச்சு வாங்கினார். மேலே மழையைப் பார்த்தார். பிறகு கானைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மச்சான், நா இலை காயப்போடுறவன். மழை இம்புட்டுப் பேயுது. அந்தத் தண்ணி எங்க போகுது?"

அவர் அதைக் குத்தலாகக் கேட்டிருந்தால் குத்தலாகவே பதில் வந்திருக்கும். தெரிந்தவனிடம் தெரியாதவன் கேட்பதுபோல் கேட்டார். அரை மணி நேரம் கூட நின்று மண் வெட்டிய கையோடு கேட்டார்.

அழகுமுத்து கானைத் திரும்பிப் பார்த்தார். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு முழங்காலில் உட்கார்ந்தார். இலைகளை விலக்கி, கானின் அடியில் உள்ளங்கையை வைத்து மேலே நகர்த்திக்கொண்டு போனார். நாலு அடி தள்ளிக் கை நின்றது. இலைகளுக்குக் கீழே, சோற்றுப்பானை வாய் அளவுக்கு ஒரு துவாரம். மேலேயிருந்து வந்த தண்ணீர் முழுவதும் அதற்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"மலை குடிக்குது" என்றார் மெதுவாக. "காலையிலேருந்து குடிச்சிக்கிட்டு இருந்திருக்கு. நா வடிஞ்சிருச்சுன்னு..."

அவர் முகத்தை லோஜினி அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த நொடியில் அவர் எழுந்து அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"மலை வரப்போகுது, ஓடுங்க! மச்சான், ஓடு!"

மாயாண்டி வந்த வழியே கீழே திரும்பினார்.

"கீழ போகாத! குறுக்கால! கல்லுப் பக்கமா ஓடு!"

தேயிலை நிரைகளுக்குக் குறுக்கே ஓடினார்கள். செடிகளின் வாதுகள் காலைக் கிழித்தன. மாயாண்டி ஒரு முறை விழுந்தார். அழகுமுத்து சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி இழுத்தார். பாறைத் திட்டை அடைந்து லோஜினி முதுகைச் சாய்த்தபோது, காலுக்கு அடியில் லாரி போவதைப்போல ஓர் அதிர்வு வந்தது. திரும்பிப் பார்த்தாள். தேயிலைச் செடிகள் நின்றபடியே நடந்து போயின. நிரை குலையாமல், ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு அந்தப் பக்கம் முழுவதும் மடிந்து விழுந்தது. லயத்தின் தகரம் ஒரு தடவை எழும்பி, காகிதம்போல் சுருண்டு, உள்ளே போய்விட்டது.

தொங்கல் காம்பரா இல்லை. அதற்கடுத்த காம்பராவும் இல்லை. ஆறு காம்பராக்களும் இருந்த இடத்தில் செம்மண் நுரைத்துக்கொண்டிருந்தது.

லோஜினி தன் புருஷனின் முழங்கையைப் பிடித்திருந்தாள். அவர் உயிரோடு இருக்கிறார் என்பதைத் தவிர அவளுக்கு அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. தாயே, தாயே என்று மட்டும் உதடு சொல்லிக்கொண்டிருந்தது.

அழகுமுத்து பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு மச்சான். என் கையாலயே கானத் தொறந்து தொறந்து மலைக்குள்ள தண்ணி விட்டேன்... ஒன் வீடும் போச்சு."

"போச்சுதான்" என்றார் மாயாண்டி.

"நீ வராம இருந்திருந்தா நா அதுக்குள்ள கெடப்பேன்."

"நீ குறுக்கால ஓடச் சொல்லலேன்னா நா கெடப்பேன். விடு."

தலையில் போட்டிருந்த சாக்கை மாயாண்டி எடுத்து, பிழிந்து, அழகுமுத்துவின் தோளில் போட்டார். நனைந்த சாக்கு. அதனால் எந்தக் குளிரும் போகப்போவதில்லை. ஆனாலும் அழகுமுத்து அதை இரண்டு கையாலும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இனி எங்க போவோம்? அக்கா மாதிரி சேலைத் தடுப்புக்குள்ளதான் சாகணுமா? சொல்லு மச்சான். எங்க போவோம்?"

அதற்குப் பதில் கிராம சேவகரிடமும் இருக்கப்போவதில்லை, தோட்டத் தலைவரிடமும் இருக்கப்போவதில்லை. அது தெரிந்த மாயாண்டி பொய் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியல மச்சான்" என்று சொல்லிக் கையை நீட்டினார். "கீழ ஒன் புள்ள அழுதுக்கிட்டு இருக்கு. எந்திரி."

அழகுமுத்து அந்தக் கையைப் பிடித்து எழுந்தார்.