வீடு பார்க்கப் போன இடத்தில்

"மேடம், கொஞ்சம் மேல வர்றீங்களா?" என்று மாடியிலிருந்து இன்ஜினியர் கூப்பிட்டபோது, அவள் கீழே ஒரு மர அலமாரிக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டோடு அதையும் விட்டுவிட்டுப் போகவேண்டும் என்பது அவள் கட்சி. சுவரில் பதித்திருந்தால் தரலாம், நாலு காலில் நிற்கிறதைத் தரமுடியாது என்பது வீட்டை விற்கும் அம்மாளின் கட்சி. இருவருமே சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள். விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் நடுவே அப்படி ஒரு சிரிப்பு உண்டு. யாரும் அதை நம்புவதில்லை.

மாடியிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. அப்பாவும் இன்ஜினியரும் மேலே சுவர்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்; ஏதோ விரிசல் அகப்பட்டிருக்கிறது. விரிசல் என்றால் விலையைக் குறைத்துப் பேசலாம். டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். "என்ன சார், பெருசா ஏதாவது மாட்டிக்கிச்சா?" என்று பாதிப் படியிலேயே கேட்டாள்.

இன்ஜினியர் அறை வாசலில் நின்றார். கையில் சுவரைத் தட்டிப் பார்க்கும் சின்னச் சுத்தியல். முகம் மட்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"சார் பேச மாட்டேங்குறாரு, மேடம்."

அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். முதுகு சுவரில், கால் இரண்டும் நீட்டியபடி. மடியில் டார்ச் எரிந்துகொண்டே கிடந்தது. பட்டப்பகலில் அதன் வெளிச்சம் எதிர்ச்சுவரில் ஒரு மங்கலான வட்டமாக விழுந்திருந்தது.

"அப்பா, ஏன் தரையில உக்காந்துட்டீங்க? சட்டையெல்லாம் சுண்ணாம்பு பாருங்க" என்றாள் அவள்.

அதைத்தான் சொன்னாள். பிறகு எத்தனை தரம் யோசித்தும், செத்துப்போன அப்பாவிடம் தான் முதலில் சொன்னது சட்டையைப் பற்றித்தான் என்பதை அவளால் மாற்றமுடியவில்லை. தோளில் கை வைத்தபோது அவர் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தார். கண் பாதி திறந்திருந்தது. அவள் கத்தவில்லை. டார்ச்சை எடுத்து அணைத்தாள். பேட்டரி தீர்ந்துவிடும் என்று தோன்றியது.

இன்ஜினியர்தான் அவரைத் தரையில் படுக்கவைத்து நெஞ்சை அழுத்தினார். எங்கோ பயிற்சியில் கற்றுக்கொண்டிருப்பார் போல, வாய்விட்டு எண்ணிக்கொண்டே அழுத்தினார். அழுத்திக்கொண்டே பேசினார்.

"பக்கத்து ரூம்ல மேல்பூச்சு தட்டிட்டிருந்தேன் மேடம். 'நீங்க தட்டுங்க தம்பி, நான் இங்க கொஞ்சம் உக்கார்றேன்'னாரு. ஒரு இடத்துல பொக்குன்னு சத்தம் வந்துது. 'கேக்குதா சார்?'னு கேட்டேன். ரெண்டு தரம் கேட்டேன். கேக்குதுன்னு சொல்லலன்னு வந்து பாத்தா..."

வீட்டுக்கார அம்மாள் படியேறி வந்து, வாசற்படியில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கீழே ஓடி ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். விலாசத்தை அந்த அம்மாள் மூன்று முறை திருப்பித் திருப்பிச் சொல்வது மேலே கேட்டது.

வண்டி வரும்வரை அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. மூளை ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாவது விதம் வேண்டும் என்று கேட்டது யார்? நான்தான்.

வாங்கப்போகிற வீட்டைப் பார்ப்பதில் மூன்று விதம் இருப்பது அவளுக்கு இந்த மாதம்தான் தெரிந்தது. முதலாவது, கடன் கொடுக்கும் பேங்க் அனுப்புகிற ஆள். வந்தான், ஹாலில் நின்றான், அகலம் நீளம் அளந்தான், மாடிப்படியில் கால் வைக்காமலே ஒரு மதிப்புப் போட்டுவிட்டுப் போனான். அவன் பார்த்தது பேங்க்குக்காக. கொடுக்கிற கடனுக்கு வீடு தாங்குமா என்று மட்டும். வீடு மழைக்குத் தாங்குமா என்பது அவன் வேலையில்லை. இரண்டாவது, இன்ஜினியர் ஒருவர் வந்து கண்ணுக்குத் தெரிகிற குறைகளை மட்டும் சொல்லிவிட்டுப் போவது. மூன்றாவது முழுச் சோதனை. சுவரைத் தட்டி, ஓதம் அளந்து, கூரைமேல் ஏறி, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்பதுவரை பார்ப்பார்கள். அரை நாள் ஆகும்.

"வீட்டுக்கு ஸ்கேன் எடுக்கப்போறியா?" என்று அப்பா கிண்டல் செய்தார். "பேங்க் ஆளு பாத்தாச்சுல்ல, அது போதாதா?"

"அவன் பேங்க்குக்குப் பாத்தான்பா. நமக்கு யாரு பாக்கிறது? வீடு ரொம்பப் பழசு."

"பழசுன்னா என்ன? நானுந்தான் பழசு. நின்னுட்டுத்தானே இருக்கேன்."

அச்சகத்தில் மிஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர் அப்பா. ஆயுசு முழுக்க வாடகை வீடு. சுவரில் ஆணி அடிப்பதற்குக்கூட யாரையாவது கேட்டே பழக்கப்பட்டவர். முழுச் சோதனைதான் என்று முடிவானதும் ஆள் தலைகீழாக மாறிவிட்டார். புது பேட்டரி போட்டு டார்ச்சைத் தயார் செய்தார். காலையில் இன்ஜினியர் வருவதற்கு முன்பே கேட் வாசலில் போய் நின்றார். தொட்டிக்கு ஏணி வைத்து ஏறினார், வேண்டாமென்றாலும் கேட்கவில்லை. இறங்கி வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "உங்கம்மா கேட்ட மாதிரியே சமையல்கட்டுக்குக் காலை வெயில் வருது" என்றார். நன்றாக வேர்த்திருந்தது. அப்படி வேர்க்கிற அளவுக்குச் சூடில்லாத நாள் அது. அவள் அலமாரியைத் திறந்து பூட்டு வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைத்தான் இப்போது அவள் திரும்பத் திரும்ப நினைத்தாள்.

வீட்டுக்கார அம்மாள் திரும்ப மேலே வந்தாள். கையில் துவைத்து மடித்த போர்வை. அதை அப்பாவின் கழுத்துவரை போர்த்திவிட்டு, அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நல்ல மனுஷிதான். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதம்மா. இப்ப பேசுற பேச்சில்ல இது. எனக்கே தெரியுது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வண்டி வந்துரும். எப்படியும் ஆஸ்பத்திரியில டாக்டர் பாத்துத்தான் சொல்லப்போறாங்க. அதுக்கு முன்னாடி நாம யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாமே. வழியிலதான் ஆச்சுன்னு இருக்கட்டும். வண்டியில போகும்போது."

"என்ன ஆன்ட்டி சொல்றீங்க?"

"இந்த வீட்ட வித்துட்டுத்தான் நான் மககிட்டப் போகணும். வேற வழி கிடையாது எனக்கு. சாயங்காலம் இன்னொருத்தர் பாக்க வர்றாங்க. வீடு பாக்க வந்தவரு மாடியிலேயே போயிட்டாருன்னு தெருவுல ஒருத்தர் வாயில விழுந்தாப் போதும், யாரும் படியேற மாட்டாங்கம்மா." போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "நாளைக்கு நீங்களே வாங்குறீங்கன்னு வையி. உங்கம்மா இந்த ரூமுக்குள்ள கால் வைப்பாங்களா? அவங்களுக்கும் இதுதான் நல்லது."

கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. அந்த நேரத்தில் யார் என்ன கேட்டிருந்தாலும் அவள் சரி என்றிருப்பாள்; பக்கத்து வீட்டைச் சேர்த்து வாங்கிக்கொள் என்றாலும் சரிதான். "சரி" என்றாள். இன்ஜினியர் தன் பையில் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை.

ஆம்புலன்சில் வந்த ஆள் கழுத்தில் விரல் வைத்தான், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தான். "நாங்க சொல்லக்கூடாது மேடம். டாக்டர்தான் சொல்லணும்" என்றான். அதிலேயே சொல்லிவிட்டான். படி குறுகல். அப்பாவை ஸ்ட்ரெச்சரில் கட்டி, தலைப்பக்கம் உயர்த்தி, திருப்பத்தில் சுவரோடு உரசி இறக்கினார்கள். பின்னால் ஏறப் போனவளை அந்த ஆள் தடுத்து, "முன்னாடி உக்காருங்க, இங்க இடமில்ல" என்றான். அவள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு இருந்தது. டிரைவர் சைரன் போடவில்லை. ஏன் போடவில்லை என்று அவள் கேட்கவுமில்லை.

வழியில் அம்மாவுக்குப் போன் செய்தாள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரி போயிட்டிருக்கோம். நீ டாக்ஸி புடிச்சு வந்துரு" என்றாள். பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்குத் தெரியாது.

டாக்டர் ஒரு பெண். இவளைவிட வயது குறைந்தவள். பார்த்து முடித்ததும் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "எப்ப மூச்சு நின்னுது?" என்று கேட்டாள்.

"வர்ற வழியில. வண்டியில."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தாள். ஆம்புலன்ஸ் ஆளையும் பார்த்தாள். இங்கே கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்றுதான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

நீளமான வராந்தா. சுவரோரம் ஒரு மர பெஞ்சு. அவள் அதில் உட்கார்ந்திருந்தபோது இன்ஜினியர் வந்தார். பைக்கில் பின்னாலேயே வந்திருக்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. "சாரோட செருப்பு. அங்கேயே வாசல்ல கெடந்துது" என்றார். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது அம்மா வந்துவிட்டாள். மூட்டுவலியோடு சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள். தோளில் பெரிய பை. அதில் துண்டு, சோப்பு, மாற்றுச் சட்டை, பிளாஸ்க், அப்பாவின் மாத்திரை டப்பா எல்லாம் இருந்தன. ஒரு வாரம் தங்குவதற்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"எந்த வார்டு?" என்றாள்.

அவள் எழுந்து நின்றாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், இன்ஜினியர் முகத்தைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த பையில் செருப்பைப் பார்த்தாள். தோள் பையை இறக்கி பெஞ்சில் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அலறவில்லை. "காலையில ரெண்டு இட்லி கூட கேட்டு வாங்கித் தின்னாரே" என்றாள். "தின்னாரே" என்று இன்னொரு தரம் சொன்னாள்.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தபிறகுதான் கேள்விகள் வந்தன.

"அந்த வீட்ல வச்சேவா?"

"இல்லம்மா. வண்டியில. வர்ற வழியில."

அம்மா இன்ஜினியர் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் வீட்ட சோதிக்க வந்தவரா? நல்லாத்தானே இருந்தாரு?"

"நல்லாத்தான்மா பேசிட்டிருந்தாரு. எனக்கு டார்ச் அடிச்சுக் காட்டினாரு." அவர் மகளின் பக்கம் பார்த்தார். பிறகு செருப்புப் பையைக் குனிந்து பெஞ்சுக்கடியில் வைத்தார். "நான் வரேம்மா" என்று சொல்லி, வேகமாக நடந்து வராந்தாவின் கோடியில் திரும்பிவிட்டார்.

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"அப்ப வண்டியில ஏத்துறப்போ உசிரு இருந்துதா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைக்கவேயில்லை. வீட்டுக்கார அம்மாளும் நினைத்திருக்க மாட்டாள். அந்த ஒரு பொய்யில் அப்பா இன்னும் அரைமணி நேரம் உயிரோடு இருந்தார். கண் திறந்து படுத்திருந்தார். யாரையோ தேடியிருப்பார். அந்த அரைமணி நேரத்துக்கு இப்போது அவள்தான் கணக்குச் சொல்லவேண்டும்.

"இருந்துதும்மா."

"நெனப்பு இருந்துதா?"

"ம்."

"நீ பக்கத்துலதானே இருந்த?"

தகரத் தடுப்பும், முன்சீட்டில் தொங்கிய டிரைவரின் சாவிக்கொத்தும் அவள் கண்ணில் வந்து நின்றன. "பக்கத்துலதான் இருந்தேன்."

"ஏதாவது சொன்னாரா?"

இப்போது உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், யாருமில்லாத அறையில் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு அவர் போனார் என்று சொல்லவேண்டும். தான் கீழே சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததையும் சொல்லவேண்டும். அம்மாவின் முகம் அவள் முகத்துக்கு மிக அருகில் இருந்தது. அதில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

"தண்ணி கேட்டாரு" என்றாள்.

"குடுத்தியா?"

"குடுத்தேன்மா."

"குடிச்சாரா?"

"ரெண்டு வாய் குடிச்சாரு."

அம்மா தலையை ஆட்டினாள். மெதுவாக, பலமுறை ஆட்டினாள். அப்போதுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. "அது போதும்" என்றாள். "நீயாவது இருந்தியே. அது போதும்." மகளின் வலது கையை எடுத்து, தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து, மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய கைப்பைக்குள் போன் அடித்தது. பையின் திறந்திருந்த வாய் வழியாகத் திரையில் வீட்டுக்கார அம்மாளின் பெயர் தெரிந்தது. பை அவளுக்கு வலப்பக்கம் இருந்தது. கையை அம்மா விடவில்லை. போன் அடித்து, நின்று, மறுபடியும் அடித்தது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவர், எடுக்கச் சொல்லி ஜாடை காட்டினார்.