ஈரப் பாறைக்கு ஒரு ஜோடி

வாசலில் அலாரம் அலறியது.

ஷூக் கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். வெளியே போகிற திருடனைப் பிடிக்க வைத்த அலாரம், உள்ளே வந்த ஒரு பெண்ணைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

"பையைக் காட்டுங்கம்மா," என்றார் காவலாளி.

காட்டினாள். உள்ளே ஒற்றை ஷூ. வலது கால். விளிம்பெல்லாம் காய்ந்த சேறு.

"நம்ம சரக்குதான். உள்ளே இருக்கிற அலாரம் டேக்கை பில் போடும்போது எடுக்க மறந்துட்டாங்க. அன்னைக்கு அலாரம் ரிப்பேரா இருந்திருக்கும்," என்றபடி வந்தார் விற்பனையாளர். தேய்ந்த அடியைப் பார்த்தே ஆளின் நடையைச் சொல்லிவிடுவதால் கடையில் அவருக்கு 'கால் ஜோசியர்' என்று பெயர். "இன்னொண்ணு எங்கம்மா?"

"கிடைக்கலை."

மூன்று வாரத்துக்கு முன், மழை நாளில், மலைப்பாதையிலிருந்து விழுந்து அவள் கணவன் செத்துப்போனான். போலீஸ் கொடுத்தது இந்த ஒற்றை ஷூவையும், சட்டைப் பையில் இருந்த அன்றைய பில்லையும்தான்.

"சாகப் போறவர் புது ஷூ வாங்குவாரா?" என்று சாவு வீட்டில் அவள் அழுதாள்.

"மலை ஏற ஷூ வாங்கினவன் வழுக்குவானா?" என்று திருப்பிக் கேட்டாள் நாத்தனார். "குதிச்சிருக்கான். காலையில நீ பேசின பேச்சு அப்படி."

பேசியது உண்மை. வேலை போனதை நாலு மாதம் மறைத்தவனிடம், "உன் மூஞ்சியிலேயே முழிக்கப் பிடிக்கலை" என்றிருந்தாள். வழுக்கினானா, குதித்தானா? அது தெரியாமல் இனி ஒரு வாய் சோறு இறங்காது.

"இதே மாதிரி ஒரு ஜோடி வேணும். ரோட்டுல நடக்கணும், சின்ன மலையும் ஏறணும்," என்றாள் விற்பனையாளரிடம்.

"ரெண்டுக்கும்னா இதைப் பாருங்க." வேறொரு ஜோடியைக் கவிழ்த்துக் காட்டினார். "அடியில பல் பல்லா இருக்கு பாருங்க, பாறையைப் பிடிச்சுக்கும். உள்ளே மெத்துன்னு இருக்கும். ஆபீசுக்கும் போடலாம், நாய் துரத்தினா ஓடவும் செய்யலாம்."

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு இதேதான்."

அரைமனதாக எடுத்து வந்தார். மூலையில், ஏறிப் பார்ப்பதற்கென்று ஒரு சரிவுப் பலகை இருந்தது. அவள் ஷூவை மாட்டிக்கொண்டு, கைப்பையிலிருந்த பாட்டில் தண்ணீரைப் பலகையில் கொட்டினாள்.

"ஐயோ, என்னம்மா பண்றீங்க!"

ஏறினாள். இரண்டாவது அடியிலேயே கால் பறந்தது. அவர் பாய்ந்து தோளைப் பிடிக்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும்.

அவள் சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"வழுக்குது! பார்த்தீங்கல்ல? வழுக்குதுண்ணே! என் வீட்டுக்காரர் இதைப் போட்டுக்கிட்டுத்தான் விழுந்தார். குதிக்கலை. என் நாத்தனார்கிட்ட போன்ல ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் அந்த ஒற்றை ஷூவைக் கையில் எடுத்தார். அடி புத்தம் புதிதாக, வழவழவென்று இருந்தது.

"நீலச் சட்டை. உயரமா, கொஞ்சம் கூன் போட்டு நடப்பார். அவராம்மா?"

"அவரேதான்! ஞாபகம் இருக்கா?"

நீட்டிய போனை அவர் வாங்கவில்லை.

"பல் வச்ச ஜோடியைத்தாம்மா முதல்ல காட்டினேன். 'ஈரப் பாறையில வழுக்கற ஜோடி எது'ன்னு கேட்டு, இதை வாங்கிட்டுப் போனார்."