எதிர்வீட்டுக்கும் ஒரே லைன்

தெய்வசிகாமணி இருபத்தெட்டு வருஷம் அரசு அலுவலகத்தில் ரகசியக் கோப்புகளைத் தட்டச்சு செய்தவர். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாம்பாரில் உப்பு கம்மி என்று சொல்வதற்கே அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். இப்படிப்பட்ட மனுஷன் வீட்டில் பாஸ்வேர்டு இல்லாத வைஃபை ஓடியதென்றால் அதற்கு ஒரே காரணம் கோவிந்தராசு.

கோவிந்தராசு அவர் பெண்டாட்டி அஞ்சலாட்சியின் அண்ணன். சாரம் பகுதியில் நேர் எதிர்வீடு. தெய்வசிகாமணி வீட்டுக் கூடத்தில் மோடம் வந்த அன்றே, தெருவுக்கு அந்தப் பக்கம் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் நெட்டு வந்துவிட்டது. பாஸ்வேர்டு போடலாமா என்று ஜாடையாகக் கேட்டதற்கு, "ஏன் மாப்ள, தங்கச்சி வீட்டு நெட்டுக்கும் பூட்டா?" என்று சிரித்தார். சிரித்த மாதிரிதான் இருந்தது. அதற்கப்புறம் பூட்டு என்ற பேச்சே எழவில்லை.

வினை 2009 மே மாதத்தில் வந்தது. பிரான்சில் துலூஸ் ஊரில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் மகள் கலைவாணி போன் செய்தாள். கூடப் படிக்கும் பெனுவா என்ற பிரெஞ்சுப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். அடுத்த மாசம், சனிக்கிழமை, மேரியில் கல்யாணம்.

"எந்த மேரி? மாதா கோயிலா? வேதத்துல சேந்துட்டாளா?" என்று அஞ்சலாட்சி நெஞ்சில் கை வைத்தாள். அவள் தவளக்குப்பம் பக்கத்துப் பெண். கடற்கரையில் பழைய நகராட்சிக் கட்டடத்தை ஊரே மேரி என்று சொல்வதை முப்பது வருஷமாகக் கேட்டும், அவசரத்துக்கு அது ஞாபகம் வரவில்லை. அது கோயிலில்லை, மேயர் முன்னால் கையெழுத்துப் போடும் இடம் என்று விளங்கவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

விசா கிடைக்கவில்லை. கல்யாணத்தை ஒரு சிநேகிதி நெட்டில் நேரடியாகக் காட்டுவாள், அங்கே காலை பதினொன்று, இங்கே மதியம் இரண்டரை, முகவரி அனுப்புகிறேன், பாருங்கள் என்றாள் மகள். பெற்றவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

ஆனால் எதிர்வீட்டில் கோவிந்தராசு தன் மகன் இளஞ்செழியனுக்குக் கலைவாணியைக் கட்டுவதென்று அவள் பாவாடை கட்டிய நாளிலிருந்து சொல்லிவைத்திருந்தார். "படிச்சு முடிக்கட்டும், காத்திருக்கோம்" என்று பொங்கலுக்குக்கூடச் சொன்னார். தாய்மாமனிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? கல்யாணம் முடியட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு கட்டினார்கள். அதாவது, சொல்லாமலே இருந்தார்கள்.

மோடத்தை மாட்டிய ஜெஸ்டினைக் கூப்பிட்டார் தெய்வசிகாமணி. கம்ப்யூட்டர் கடைக்காரன், தெருமுனையில் வீடு.

"நாங்க பாக்குறத எதிர்வீட்ல பாக்க முடியுமா?"

"பூட்டாத லைன் சார். வெவரம் தெரிஞ்சவன் எட்டிப் பாக்கலாம்."

"பூட்டாம மறைக்கணும்."

ஜெஸ்டின் தலையைச் சொறிந்தான். "டனல் போடலாம். உங்க கம்ப்யூட்டர் சமாச்சாரம் மட்டும் மூடுன குழா மாரி எங்கியோ ஒரு ஊரச் சுத்திக்கிட்டுப் போவும். ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா வீடியோ நொண்டும் சார்."

"நொண்டட்டும்."

சனிக்கிழமை இரண்டரை. அஞ்சலாட்சி பட்டுப்புடவை கட்டி, ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். திரையில் மேயர் தோளில் மூவர்ணப் பட்டையோடு வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. வட்டம் சுற்றியது. கலைவாணியின் பாதி முகம் வந்தது, மீதி பாதி வரவில்லை. மறுபடியும் வட்டம்.

"எம்பொண்ணு கல்யாணத்துக்கு வட்டத்தப் பாக்கவா பட்டு கட்டினேன்?" என்று அஞ்சலாட்சி வெடித்தாள்.

"டனல எடுத்துடட்டா சார்?" என்றான் உதவிக்கு வந்திருந்த ஜெஸ்டின்.

"வேணாம்" என்றார் அவர்.

ஜெஸ்டின் மோடத்தின் கணக்கு வழக்கைத் திரையில் திறந்து பார்த்தான். "எதிர்வீட்ல வீடியோ ஓடுது சார். லைன்ல முக்காவாசி அவுங்களுதுதான். இங்க பாருங்க, அவுங்க பாக்குற முகவரி."

தெய்வசிகாமணி பார்த்தார். அர்த்தமில்லாத நீளமான எழுத்துக் கோவை. காலையிலிருந்து அதைத்தான் ஏழு தடவை தப்பில்லாமல் தட்டச்சு செய்து பார்த்திருந்தார். ஒரு எழுத்து மாறவில்லை. செருப்புப் போடாமல் தெருவைத் தாண்டினார்.

கோவிந்தராசு சலவை வேட்டி, புதுச் சட்டையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். படம் தண்ணி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சான்... உனக்கு எப்டி..."

"கலை மாசிலயே போன் பண்ணிட்டா. 'கோச்சுக்காதீங்க மாமா'ன்னு ஒரே அழுவ. கோவம் வந்துச்சு, இல்லேங்கல. நாலு நாள் சோறு எறங்கல. அப்பறம் என் தங்கச்சி பொண்ணு தானேன்னு வுட்டுட்டேன்." கோவிந்தராசு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியும்னு ஒங்ககிட்ட சொல்லாதன்னு நான்தான் சொன்னேன். நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன். இப்ப ரெண்டரைக்குக் கூட வாசல்லியே நின்னேன். நீங்க ஜன்னல சாத்திக்கினீங்க."

தெய்வசிகாமணிக்கு வெட்கமாக இருந்தது. "ரெண்டு வூட்டுல ஓடுனா அங்க நிக்குது மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

கோவிந்தராசு ஒரு கணம் அவரைப் பார்த்தார். கம்ப்யூட்டரை அணைத்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "நட" என்றார்.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது ஜெஸ்டின் யாரையும் கேட்காமல் டனலை எடுத்துவிட்டிருந்தான். படம் பளிச்சென்று வந்தது. கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. யாரோ பூவிதழ்களை அள்ளி வீசினார்கள். கலைவாணி முதுகு தெரிய, வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். பிறகு வெறும் நாற்காலிகள் தெரிந்தன. அப்புறம் அதுவும் போயிற்று.

"முடிஞ்சிருச்சா?" என்றாள் அஞ்சலாட்சி.

ஜெஸ்டின் மோடத்தின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அண்ணனை அப்போதுதான் கவனித்தாள். எதற்கு வந்தார், எப்படித் தெரியும் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. "அண்ணே, நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எம்பொண்ணு என்னா சொன்னா?"

"'வீ'ன்னா. ஆமான்னு அர்த்தம்." கோவிந்தராசு துண்டால் முகத்தைத் துடைத்தார். "தலயக் குனியல. சொல்றதுக்கு முன்ன திரும்பி கேமராவப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. ஒங்களத்தான் தேடுனாப்ல இருந்துச்சு. அப்பறம் சொன்னா."

தெய்வசிகாமணி நாற்காலியை இழுத்து மச்சானுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"மொதல்லேந்து சொல்லு மச்சான்" என்றார். "மெதுவா சொல்லு."