புகாரே வராத படிவம்

முப்பத்து நாலு வயதிலேயே அலுவலகத்தில் அவனுக்குத் தாத்தா என்று பெயர். காரணம் பிடிவாதம். ஓர் ஆஸ்பத்திரியின் வெப்சைட்டுக்கு வேலை விண்ணப்பப் படிவத்தை அவன் பழைய முறையில்தான் செய்திருந்தான். சர்வரிலிருந்தே முழுப் படிவமும் போய்விடும், எந்த ஓட்டைப் போனிலும் திறக்கும். நல்ல போன் என்றால் அதன் மேல் கொஞ்சம் பவுசு கூடும், அவ்வளவுதான். மேலாளருக்கோ ஃப்ரேம்வொர்க் என்ற புதுப் பாணி வேண்டும். அதில் வெற்றுப் பக்கம்தான் போகும். படிவத்தைப் போனே கட்டிக்கொள்ள வேண்டும்; ஓட்டைப் போனால் அது முடியாது.

"இந்தக் காலத்துல எவன் ஓட்டைப் போன் வச்சிருக்கான், தாத்தா?" என்றார் மேலாளர். மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் கையில் இருந்ததெல்லாம் போன வருடம் வாங்கிய போன்.

மூன்று நாள் மல்லுக்கட்டினான். "ரெண்டும் இருக்கட்டும் சார், புதுசு திறக்கலன்னா பழசாவது வரட்டும்" என்று கெஞ்சியும் பார்த்தான். வெட்டி வேலை என்று அடித்துப் பேசிவிட்டார். நாலாவது நாள் பழைய படிவத்தை அவனே தன் கையால் அழித்தான். அலுத்துப்போயிருந்தது. உள்ளதைச் சொன்னால், வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது.

அதே ஆஸ்பத்திரியில் அவன் அக்கா பதினோரு வருடமாகத் தற்காலிக நர்ஸ். நாற்பது வயதைத் தாண்டினால் நிரந்தர வேலை கிடையாது. அவளுக்கு அடுத்த மாதம் தாண்டுகிறது. இந்த விண்ணப்பம்தான் கடைசி வாய்ப்பு. "ரெண்டு நிமிஷ வேலைதான்க்கா, போன்லயே போட்டுடு" என்று சொன்னவன் அவன்தான். ஊரார் போனுக்கெல்லாம் வாதாடியவனுக்குச் சொந்த அக்காவின் பழைய போன் நினைவுக்கு வரவில்லை.

கடைசித் தேதிக்கு மறுநாள் மேலாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். "பாத்தியா தாத்தா, ஒரு கோளாறுகூட பதிவாகல!"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கோளாறைப் பதிவு செய்யும் நிரலும் அதே ஃப்ரேம்வொர்க்குக்குள்தான் இருந்தது. பக்கமே எழும்பாத போன் எங்கே போய்ப் புகார் சொல்லும்? அதை அங்கே பொருத்திய புத்திசாலியும் அவனேதான்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனான். மாலை ஷிஃப்டுக்காகச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ளிகேஷன் போட்டியாக்கா?"

"எங்கடா? நாலு நாளா பாக்கறேன், வெள்ளையாவே நிக்குது."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ செஞ்சது தப்பா இருக்குமா? என் போன்லதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். இன்னிக்குக் காலையில ஆஸ்பத்திரி ஆபீஸ்ல கேட்டேன். வெப்சைட்ல ஒரு கோளாறும் பதிவாகல, உங்க கவனக்குறைவுன்னு சொல்லிட்டாங்க."

அவனால் மறைக்க முடியவில்லை. "உன் போன்ல ஒண்ணுமில்லக்கா. எல்லா போன்லயும் திறக்கிற மாதிரிதான் செஞ்சு வச்சிருந்தேன். வேணாம்னாங்க. மூணு நாள் சண்டை போட்டேன். அதுக்கு மேல முடியல. நானே எடுத்துட்டேன்."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மூணு நாள்தானாடா?" என்றாள். பிறகு சீருடையை மாட்டிக்கொண்டு, அதே தற்காலிக வேலைக்குக் கிளம்பினாள்.