தலைகீழ்க் கியர்

ஜெராட்டின் கை பட்டால் செத்த எஞ்சினும் எழும்பி ஓடும் என்று பேசாலையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே ஜெராட்தான். அகதியாக இந்தியாவில் இருந்த காலத்தில் சென்னையில் ரேஸ் வண்டிகளுக்கு வேலை பார்த்தவன். ஊர் திரும்பிப் பட்டறை போட்ட பிறகோ வெறும் படகு எஞ்சின்களோடு மாரடிப்பு. ஆகவே இன்ஸாப் அந்த மோட்டார் சைக்கிளை லொறியில் கொண்டுவந்து இறக்கியபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

கொழும்புப் பக்கம் ரேஸ் ஓட்டுவதற்கென்று உரித்தெடுத்த வண்டி. லைற் இல்லை, ஹோர்ன் இல்லை, பின்னால் ஒரு ஆள் குந்த இடமும் இல்லை. இன்ஸாப் புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, இப்போதுதான் வாப்பாவின் ஊரான அரிப்பில் குடியேறியிருந்தான். மனைவி றிப்காவுக்கு நிறைமாதம். பிள்ளை பிறந்ததும் இருவரையும் இதில் ஏற்றிக்கொண்டு ரோட்டில் போகவேண்டும் என்பது அவன் ஆசை.

ஜெராட் சோறு தண்ணி மறந்து வேலை செய்தான். ஹாண்டிலை உயர்த்தினான், சீற்றை நீட்டி ஒட்டினான், பெற்றோல் தாங்கிக்குக் கடல்நீலம் அடித்தான். பின்னேரங்களில் தானே ஓட்டிப் பார்த்துத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

வண்டியைக் கொடுத்த அன்று லைற்றைப் போட்டுக் காட்டினான், ஹோர்னை அடித்துக் காட்டினான். இன்ஸாப் வாசலில் ஒருதரம் தடுமாறி, மறுபடி கிளப்பிச் சீறிக்கொண்டு போனான். புது வண்டிதானே, பழகும் என்று ஜெராட் சிரித்தான்.

பிறகு வீட்டுக்குப் போகத் தன் பழைய வண்டியை எடுத்தான். மூன்றாம் கியருக்கு ஏற்றுவதற்காகக் காலால் மிதித்தான். வண்டி முதல் கியருக்கு இறங்கி அலறி, அவனை வேலியில் கொண்டுபோய்ச் சாத்தியது.

முள்ளுக்குள் கிடந்தபடியேதான் அவனுக்கு அது உறைத்தது. ரேஸ் வண்டிக்குக் கியர் தலைகீழ். தன் வண்டியில் தூக்கினால் கூடும். அதில் மிதித்தால் கூடும், தூக்கினால் குறையும். ரோட்டுக்கு விடுமுன் அதை மாற்றிப் பூட்டியிருக்க வேண்டும். ஓட்டி ஓட்டித் தன் காலுக்குப் பழகிப்போனதால் மறந்தே போனான். ஓடுகிற ஓட்டத்தில் இன்ஸாப் கூட்டுவதாக நினைத்துக் கியரைத் தூக்கினால் பின்சில்லு இறுகி ஆளை எறிந்துவிடும்.

போன் எடுத்தான். பதில் இல்லை. திரும்பத் திரும்ப எடுத்தான். மாதாவே, எடுக்கச் சொல்லு என்று வாய்விட்டுக் கெஞ்சினான். ஒரு கட்டத்தில் மணியடிப்பதே நின்றுவிட்டது.

வண்டியை நிமிர்த்தி இன்ஸாப் போன வழியே விரட்டினான். தோட்டவெளி வளைவில் சனம் கூடி நின்றது. நீலத் தாங்கி நெளிந்து மணலில் கிடந்தது. ஆளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள்.

கட்டிலில் இன்ஸாப்பின் காலுக்குப் பலகை வைத்துக் கட்டியிருந்தது. பக்கத்தில் றிப்கா வயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"யாழ்ப்பாணம் கொண்டு போகச் சொல்றாங்க. கால் தப்புமோ தெரியாதாம்" என்றாள்.

ஜெராட் கட்டிலுக்குக் கிட்டப் போனான். "தம்பி, பிழை என்னிலதான். அந்தக் கியர்..."

"கியரா? கியர் அருமை அண்ணை" என்றான் இன்ஸாப். "முதல் கியருக்கு மட்டும்தான் தடுமாறினேன். மத்ததெல்லாம் வாப்பாட பழைய பைக் மாதிரியே, மிதிக்க மிதிக்க ஏறுது."

மிதித்தால் ஏறும் அந்தச் சாதிப் பழைய வண்டிகளை எத்தனை பிரித்துப் பூட்டியவன் ஜெராட்! அது ஞாபகத்துக்கே வரவில்லை.

"அப்ப எப்பிடி விழுந்தனி?"

"போன் அண்ணை. விடாம அடிச்சிட்டே இருந்திச்சு. இவளுக்கு வலி வந்திட்டோ எண்டு பயந்து, ஒரு கையை விட்டுப் பொக்கட்டுக்குள்ள போட்டேன். வளைவுல மணல். போனும் தூள்தூளாப் போச்சு."

"எடுக்கல்லண்டா ஓட்டிட்டு இருக்கார் எண்டு விளங்காதா?" றிப்கா அழுதாள். "எந்தப் பாவி அது?"

போன் உடைந்துவிட்டது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் வந்ததே ஜெராட்டுக்கு அருவருப்பாக இருந்தது.

"நான்தான் தங்கச்சி" என்றான்.

அவள் விளங்காமல் பார்த்தாள்.

"கியர் தலைகீழ், கவனமாப் போ எண்டு சொல்லத்தான் எடுத்தனான்."

இன்ஸாப் அவனைப் பார்த்தான். பிறகு பலகைக்குள் கிடந்த தன் காலைப் பார்த்தான்.